லாபம் இப்போது மூன்றாவது மாடியில்

ஆயுத பூஜையன்று லிஃப்டுக்குச் சந்தனம் வைத்தார்கள். குங்குமம் வைத்தார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பூஜை போடுகிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, சங்கத் தலைவர் பாலகுமார் தன் கையாலேயே நாலு வாளித் தண்ணீர் ஊற்றி அதைக் கழுவியும் விட்டார். கற்பூரம் அணைவதற்குள் லிஃப்ட் உயிரை விட்டது.

பெங்களூர் அடுகோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, லேத் பட்டறைகளுக்குப் பின்னால் நிற்கிறது 'மெஜஸ்டிக் அம்பரா' அடுக்ககம். ஐந்து மாடி. ஐந்தாவது மாடியில் சுந்தரமூர்த்தி. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. காற்று வருமே என்று உச்சி மாடியில் வீடு வாங்கியவர். அவர் மனைவி வனஜா பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லிஃப்ட் போன அதே வாரத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகி வனஜாவின் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். "படியே ஏறக் கூடாது" என்றார் டாக்டர். தினமும் பயிற்சிக்கு வேறு வெளியே போய்வர வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வனஜா நேராக விவேக் நகருக்கு, தரைத்தளத்தில் குடியிருக்கும் தங்கை ருக்மிணி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் எந்தச் சண்டையும் பிரிக்காத தம்பதியை ஒரு லிஃப்ட் பிரித்தது.

சுந்தரமூர்த்தி காலையில் ரவையைக் கிண்டிச் சாப்பிட்டார். மத்தியானம் ஆபீஸ் பக்கத்தில், நின்றுகொண்டே சாப்பிடுகிற தர்ஷினி ஓட்டலில் ரவா இட்லி. சாயந்திரம் விவேக் நகர் போனால் வனஜாவுக்கு ஒரே கேள்விதான்.

"லிஃப்டு?"

"மீட்டிங் போட்டிருக்காங்க வனஜா."

"மீட்டிங்கா? ருக்மிணி, பொங்கலுக்கு எனக்கும் சேர்த்தே அரிசி வாங்கிடு."

பொதுக்குழு க்ளப் ஹவுஸில் கூடியது. க்ளப் ஹவுஸ் என்பது ஒரு கேரம் போர்டும், துணி காயப்போடுகிற ஒரு ட்ரெட்மில்லும் இருக்கிற அறை. லிஃப்ட் செய்த கம்பெனியான ஊர்த்வகாமி எலிவேட்டர்ஸ், மெயின் போர்டு மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் அனுப்பியிருந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சங்கத்தின் பழுதுநீக்கும் நிதியில் பணம் இருந்தது. ஆகையால் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று சுந்தரமூர்த்தி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தார்.

பாலகுமார் எழுந்தார். பெரிய மென்பொருள் கம்பெனியில் டெலிவரி ஹெட். வீட்டில் காபி கேட்பதற்குக்கூட ஸ்லைடு போடுவார் என்பார்கள்.

"ஃப்ரெண்ட்ஸ், பணம் இருக்கு. லிஃப்ட் ரிப்பேரா இருக்கு. பணத்தைக் கொடுத்து ரிப்பேர் பண்ணிடலாம். இதை யார் வேணும்னாலும் பண்ணுவாங்க. அதுக்கு நீங்க என்னைத் தலைவரா தேர்ந்தெடுக்கணும்னு அவசியமே இல்லை." கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். "நம்ம பணத்தைத் தொடாமலே லிஃப்டை ரிப்பேர் பண்ண முடியுமா? முடியும். அந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடுவோம். வர்ற லாபத்தில் லிஃப்ட். அசல் அப்படியே இருக்கும். லிஃப்ட் தன்னைத் தானே சம்பாதிச்சுக்கணும்!"

கைதட்டல் கிடைத்தது. பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் மாடிக்காரர்களிடமிருந்து.

சுந்தரமூர்த்தி கையைத் தூக்கினார். "சார், முதல்ல லிஃப்டை சரி பண்ணிட்டு, அப்புறமா மத்தது..."

"சார், உங்க உணர்வை நான் மதிக்கறேன். அதைக் குறிச்சுக்கிட்டேன்." எதிலும் குறித்துக்கொள்ளாமலே பாலகுமார் தொடர்ந்தார். "பங்கு வாங்கணும்னா ஆராய்ச்சி வேணும். ஆராய்ச்சிக்கு நல்ல ஆன்லைன் டூல் வேணும். நல்ல டூலைத் தேர்ந்தெடுக்க ஒரு துணைக்குழு வேணும். நம்ம செகண்ட் ஃப்ளோர் வித்யாலட்சுமி அதை லீட் பண்ணுவாங்க."

நாலாவது மாடி லாயிட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே கேட்டரிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரேசர் டவுனில் பிறந்தவர். சுந்தரமூர்த்தியின் காதருகே குனிந்தார். "இன்னா மேன் சுந்தர், லிஃப்டு ரிப்பேருக்கு ஸ்பேனர் தேட கமிட்டி போட்டா அர்த்தம் இருக்கு. இவுங்க ஸ்பேனர் விக்கற கடையத் தேடறதுக்குக் கமிட்டி போடறாங்க."

இந்தச் சங்கத்தில் எதிர்ப்புச் சொன்னவர்களைக் குழுவில் சேர்த்துவிடுவது வழக்கம். அதனால் 'பாதிக்கப்பட்ட தரப்பின் பிரதிநிதி' என்ற பட்டத்தோடு சுந்தரமூர்த்தியும் முதலீட்டு ஆய்வுக் கருவித் தேர்வுத் துணைக்குழுவில் ஓர் உறுப்பினரானார். வீட்டுக்கு ஐந்து மாடி ஏறிப் போனபோது பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

துணைக்குழு மூன்று டூல்களைப் பொறுக்கியது. முதலாவது 'புல்நேத்ரா': திறந்தவுடன் ஒரு காளை திரையில் துள்ளும்; வரைபடங்கள் எல்லாம் இதில்தான். இரண்டாவது 'அலர்ட்அண்ணா': செய்திக்குப் பெயர் போனது. சந்தை நம்பிக்கையால் உயர்ந்தது என்று காலையில் சொல்லும். அதே நம்பிக்கையால் சரிந்தது என்று மத்தியானம் சொல்லும். மூன்றாவது 'ஃபின்த்ருஷ்டி': ஒவ்வொரு பங்குக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும். ஏன் என்று கேட்டால் பூட்டுப் படம் காட்டி, பணம் கட்டச் சொல்லும்.

"மூணையும் ஒரே பங்கை வெச்சு டெஸ்ட் பண்ணணும்" என்றாள் வித்யாலட்சுமி. "யாராவது ஒரு கம்பெனி பேர் சொல்லுங்க. அங்கிள், நீங்க?"

சுந்தரமூர்த்திக்கு இரவும் பகலும் மனதில் இருந்தது ஒரே கம்பெனிதான். "ஊர்த்வகாமி" என்றார்.

தட்டிப் பார்த்தார்கள். நிஜமாகவே அது பங்குச் சந்தையில் இருந்தது. புல்நேத்ரா 'வாங்கு' என்று துள்ளியது. அலர்ட்அண்ணா 'விற்றுவிடு' என்றது. ஃபின்த்ருஷ்டி பத்துக்கு ஆறரை போட்டுப் பூட்டிக்கொண்டது.

"மூணும் மூணு விதமா சொல்லுதேம்மா?"

"அதான் அங்கிள் டைவர்சிஃபிகேஷன்."

அடுத்து மதிப்பெண் அட்டவணை. இரவில் கண் கூசாத கறுப்புத் திரை உண்டா, கைரேகையால் திறக்குமா, காளைப் படத்தை நிறுத்த வசதி உண்டா, கன்னடத்தில் பேசுமா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். சுந்தரமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார்.

"இதுல, டூல் சொன்னது பலிச்சுதான்னு ஒரு கேள்வி இல்லையேம்மா?"

வித்யாலட்சுமி அவரை அன்போடு பார்த்தாள். "அங்கிள், அதெல்லாம் ரொம்ப சப்ஜெக்டிவ். நாம மெஷர் பண்ண முடிஞ்சதைத்தான் மெஷர் பண்ணணும்."

இந்த அட்டவணையை நிரப்பி முடிப்பதற்குள் இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருந்த காலம் மூன்று டூல்களிலும் முடிந்துவிட்டது. பணம் கட்டினால்தான் இனிமேல் திறக்கும். குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெரிய சம்பளக்காரர்கள். அறையில் சாவு விழுந்ததுபோல ஆகிவிட்டது.

"தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடியே பணம் கட்டறதா? அது தப்பான முன்னுதாரணம் ஆயிடும்" என்றார் பாலகுமார்.

பெங்களூரில் படித்தவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் எதைச் செய்வார்களோ அதையே செய்தார்கள். ஒவ்வொருவரும் மனைவி பேரில், கணவன் பேரில், மாமனார் பேரில் புது ஈமெயிலைக் கொடுத்து, முதல் முறை வருகிறவர்போல இலவசக் கணக்கு திறந்தார்கள். சுந்தரமூர்த்தியின் முறை வந்தது. வனஜாவின் ஈமெயிலைக் கொடுத்தார். அலர்ட்அண்ணா மரியாதையாகக் கேட்டது: நீங்கள் யார்?

"டீச்சர்னு போடட்டுமா?"

"ஐயோ அங்கிள், டீச்சர்னா வெறும் தலைப்புச் செய்திதான் காட்டும். கடைசியா இருக்கறதைத் தேர்ந்தெடுங்க."

கடைசியாக இருந்தது 'மூத்த நிதி மேலாளர், இருபது வருட அனுபவம்'. அவர் விரல் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் தட்டியது. விவேக் நகரில், ஸ்டூலின் மேல் காலை நீட்டி, நாலாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வனஜா, தனக்குத் தெரியாமலே நிதி மேலாளரானாள்.

அந்த உயர்ந்த கணக்கில் எல்லாப் பூட்டும் திறந்துகொண்டது. ஊர்த்வகாமியின் உள்விவரங்கள் வந்தன. புது லிஃப்ட் விற்பனை சுமார்தான். ஆனால் பழுது பார்க்கும் வருமானம் எகிறிக்கொண்டிருந்தது. லிஃப்ட் அடிக்கடி கெடுகிறது. ஆள் தாமதமாக வருகிறார். கேட்ட பணத்தைக் கொடுக்கிறார்கள். வேறு கம்பெனிக்கு மாற முடியாது, ஏனென்றால் வேறு போர்டு அதில் பொருந்தாது.

பாலகுமார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன ஒரு பிசினஸ்! லேட்டா வர்றாங்க, அதிகமா வாங்கறாங்க, கஸ்டமர் எங்கேயும் ஓட முடியாது. இப்படி ஒரு கம்பெனி எங்க கிடைக்கும்?"

"சார், அந்தக் கஸ்டமர் நாமதானே?" என்றார் சுந்தரமூர்த்தி.

"எக்ஸாக்ட்லி! மத்தவங்க படிச்சுத் தெரிஞ்சுக்கறாங்க. நாம அனுபவிச்சே தெரிஞ்சுக்கிட்டோம். இதை விட ஆராய்ச்சி வேணுமா?"

எந்த டூல் நல்லது என்ற கேள்வி தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த வாரமே லிஃப்ட் நிதி முழுவதும் ஊர்த்வகாமியின் பங்குகளாக மாறியது.

சுந்தரமூர்த்தி ஊர்த்வகாமியின் சர்வீஸ் நம்பருக்குப் போன் செய்து பார்த்தார். "சார், உங்க பிரசிடென்ட் அப்ரூவல் பேக்கு சார், அப்ரூவல் வேணும், அது வந்தா பார்ட் அனுப்பிக் கொடுத்துடுவோம்" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து ஒரு குரல் கெஞ்சியது. அப்ரூவல் எங்கே என்று பாலகுமாரைக் கேட்டார்.

"எப்படி சார் கொடுக்கறது? நாம இப்ப அந்தக் கம்பெனிக்கே பங்குதாரர். நம்ம கம்பெனிக்கு நாமே ஆர்டர் கொடுத்தா நாளைக்கு யாராவது விரல் நீட்ட மாட்டாங்களா? லாபம் வரட்டும், முறைப்படி செய்யலாம்."

லாபம் எவ்வளவு வந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் புரியும்படி இருக்க வேண்டும் என்று வித்யாலட்சுமி ஒரு ஏற்பாடு செய்தாள். ரிப்பேர் எஸ்டிமேட்டை ஐந்து பங்காகப் பிரித்து, ஒரு பங்கு லாபம் வந்தால் ஒரு மாடி என்று கணக்கு. தரைத்தளத்தில், மூடிக் கிடந்த லிஃப்ட் கதவின்மேல் ஒரு பழைய டேப்லெட்டை ஒட்டினார்கள். அது பச்சை எழுத்தில் காட்டியது: 'லாபம் இப்போது முதல் மாடியில்.'

இது குடியிருப்போருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலையில் பால் பாக்கெட்டோடு வந்து நின்று பார்த்தார்கள். 'லாபம் இப்போது மூன்றாவது மாடியில்' என்று வந்த அன்று, மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் எல்லோருக்கும் பேடா கொடுத்தார். கொடுத்துவிட்டு, இருமிக்கொண்டே படியேறிப் போனார்.

"மேன், லாபம் லிஃப்டுல போகுது, நம்ம படியில போறோம்" என்றார் லாயிட், நாலாவது மாடிக்கு முன்னால் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு.

விவேக் நகரில் சுந்தரமூர்த்தி தினமும் மாடி நிலவரம் சொன்னார்.

"இன்னைக்கு நாலாவது மாடிக்கு வந்தாச்சு வனஜா!"

"யாரு?"

"லாபம்."

"அதுக்குக் காலு நல்லா இருக்கு. ஏறிப் போகுது." விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோடு தேவைக்கு மேல் நீளமாக இருந்தது. "ஏங்க, நம்ம வீட்டுக் கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தறீங்களா?"

"ஊத்தறேன்."

"எனக்கு என் வீட்டு ஜன்னல்கிட்ட உக்காந்து ஒரு டீ குடிக்கணுங்க. அவ்வளவுதான். பெரிய ஆசையெல்லாம் இல்லை."

சுந்தரமூர்த்தி அவள் ஊன்றி நடக்கிற வாக்கரின் ரப்பர் காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை டேப்லெட் 'ஐந்தாவது மாடி' என்றது. வாட்ஸ்அப் குழுவில் பட்டாசுப் படங்கள் வெடித்தன. சுந்தரமூர்த்தி இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடி பாலகுமாரைப் பிடித்தார்.

"சார், அப்ப வித்துட்டு லிஃப்டை ரிப்பேர் பண்ணிடலாம் இல்ல? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆயிடும்னு எடுத்துக்கலாமா? என் வொய்ஃபைக் கூட்டிட்டு வரணும்."

"டெஃபினிட்லி சார். அந்த டைரக்ஷன்லதான் போயிட்டு இருக்கோம்."

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த யாரும் இந்த வாக்கியத்தை நம்பியிருக்க மாட்டார்கள். சுந்தரமூர்த்தி லாரி ஆபீஸ்காரர். 'லோடு கிளம்பிடுச்சு' என்றால் லோடு கிளம்பியிருக்கும் உலகத்தில் வாழ்ந்தவர். நம்பினார். வீட்டைப் பெருக்கினார். மூணு வகை பிஸ்கட் வாங்கி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வனஜாவையும் வாக்கரையும் பையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடுகோடி வந்து இறங்கினார்.

லிஃப்ட் கதவு மூடியே இருந்தது. டேப்லெட் சொன்னது: 'லாபம் இப்போது மொட்டை மாடிக்கு அருகில்.'

வனஜா வாக்கரில் கையூன்றி அதைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். அதற்குள் பாலகுமார் நடைப்பயிற்சி உடையில் வந்து சேர்ந்தார்.

"வெல்கம் பேக் மேடம்! சார், ஒரு சின்ன அப்டேட். வித்துடலாம்னுதான் இருந்தோம். ஆனா மூணு டூல்ல ரெண்டு 'வெச்சிரு'ன்னு சொல்லுது. ஓடற குதிரையை யாராவது விப்பாங்களா? அதனால டார்கெட்டை மொட்டை மாடி வரைக்கும் நீட்டியிருக்கோம். அங்க ஒரு சோலார் பேனலும் வந்துடும்."

"சார், நான் மேல போகணும்" என்றாள் வனஜா.

"மேடம், நம்ம எல்லாருக்குமே அதான் விஷன்."

"நான் என் வீட்டுக்குப் போகணும்னு சொன்னேன்."

பாலகுமார் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு செக்யூரிட்டிய விட்டு நாற்காலியில தூக்கச் சொல்லட்டுமா? சங்கத்து செலவுலயே."

"தினம் ரெண்டு வேளை தூக்கி இறக்கறதுக்கு நான் என்ன உற்சவ மூர்த்தியா?"

ஆட்டோக்காரர் மீட்டரை நிறுத்தியிருக்கவில்லை. வனஜா திரும்பி ஏறி உட்கார்ந்தாள். ஏறும்போது ஒருமுறை நிமிர்ந்து ஐந்தாவது மாடி பால்கனியைப் பார்த்தாள். கறிவேப்பிலைச் செடி குச்சியாக நின்றது. சுந்தரமூர்த்தி தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னது பொய் இல்லை. இரண்டு வாளித் தண்ணீரைச் சேர்ந்தாற்போல ஊற்றி அதை அழுகவைத்திருந்தார்.

ஆட்டோ நகர்ந்தது. சிக்னலில் நின்றபோது வனஜாவின் போன் டிங் என்றது. கொஞ்ச நாளாகவே அது தினமும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தது. ஏதோ விளம்பரம் என்று அவள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'வணக்கம் வனஜா. நீங்கள் ஊர்த்வகாமி எலிவேட்டர்ஸைக் கவனித்து வருகிறீர்கள். உங்களைப் போன்ற நிபுணரின் கருத்துக்கு முதலீட்டாளர்கள் காத்திருக்கிறார்கள்.'

"ஏங்க, யாரு இந்த அலர்ட்அண்ணா? என்னைக் கருத்து கேக்கறான்?"

சுந்தரமூர்த்தி ஈமெயில் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நிதி மேலாளர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு அவளுக்கு இவ்வளவு அதிர்ச்சி போதும் என்று நினைத்தார்.

"கேக்கறவங்களுக்குச் சொல்லணும் இல்ல?" என்றாள் வனஜா.

இருபது வருஷம் மாணவர் அறிக்கை எழுதிய கை. ஆனைபாளையம் தாண்டுவதற்குள் முடித்துவிட்டாள்: 'இந்தக் கம்பெனி லிஃப்ட் போட்ட ஒரு கட்டடத்துக்கு இன்று நேரில் போயிருந்தேன். ஆயுத பூஜையிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. யாரும் வந்து பார்க்கவில்லை. கவனம் போதாது. முன்னேற்றம் மிகவும் தேவை.'

அனுப்பினாள். விவேக் நகரில் சர்ச் வாசலில் இறங்கி, ருக்மிணி வீட்டுக்குள் போய், மறந்தும் போனாள்.

அலர்ட்அண்ணா மறக்கவில்லை. திங்கட்கிழமை காலை சந்தை திறப்பதற்கு முன்னால் சிவப்பு எழுத்தில் செய்தி வந்தது: 'இருபது வருட அனுபவமுள்ள மூத்த நிதி மேலாளர் பெங்களூரில் நேரடி ஆய்வு. ஊர்த்வகாமி மீது கடும் அதிருப்தி.' அதைப் படித்த ஃபின்த்ருஷ்டி ஆறரை மார்க்கை மூன்றாகக் குறைத்தது. மார்க் குறைந்ததைப் பார்த்த புல்நேத்ராவில் காளை உட்கார்ந்துவிட்டது. காளை உட்கார்ந்ததைச் சுட்டிக்காட்டி அலர்ட்அண்ணா இன்னொரு செய்தி போட்டது: 'பல தரப்பிலும் கவலை.' மூன்று டூல்களும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

மத்தியானத்துக்குள் டேப்லெட்டில் லாபம் மொட்டை மாடியிலிருந்து நாலு, மூணு, ரெண்டு என்று இறங்கி, 'கார் நிறுத்துமிடத்தில்' வந்து நின்றது. அதற்குக் கீழே காட்ட வித்யாலட்சுமி வழி செய்திருக்கவில்லை.

அவசரக் கூட்டம். பாலகுமாரின் முகம் வெளுத்திருந்தது.

"யாரோ ஒரு பெரிய ஃபண்ட் மேனேஜர் நம்ம ஊருக்கு வந்து, ஏதோ ஒரு பில்டிங்கைப் பார்த்துட்டுப் போயிருக்கார். எவ்வளவு பொறுப்பில்லாத பில்டிங் அது! ஒரு லிஃப்டை இத்தனை மாசமா நிறுத்தி வெச்சு, ஒரு நல்ல கம்பெனி பேரைக் கெடுத்து, நம்மளை மாதிரி அப்பாவி முதலீட்டாளர்களோட வயித்துல அடிச்சிருக்காங்க. அந்த சங்கத்துத் தலைவர் என் கையில கிடைச்சா..."

லாயிட் எழுந்தார். "பாலா சார், ஒரு டவுட்டு. நம்ம பில்டிங்ல ஒண்ணு நின்னுகிட்டு இருக்கே, அது கணக்குல வராதா?"

பாலகுமார் அவரைப் பார்த்தார். அப்புறம் கதவு வழியாக லிஃப்டைப் பார்த்தார். அதை முதல் தடவை பார்ப்பவர்போல இருந்தது அவர் பார்வை.

"வித்யா, அப்ரூவல் அனுப்பு. உடனே அனுப்பு. இன்னொரு மேனேஜர் வந்து இதையும் பார்த்துத் தொலைச்சா நம்ம கதி என்ன?"

"சார், பணம்? பங்கு எல்லாம் கார் பார்க்கிங்ல இருக்கு."

அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம். ஊர்த்வகாமியின் வேன் நின்றது. மெக்கானிக்குகள் நாலு பேர், போர்டு ஒன்று, கம்பெனி டையோடு மேனேஜர் சாமிநாதன், அவருக்குப் பின்னால் ஒரு போட்டோகிராபர்.

"அப்ரூவல் இப்பதான்..." என்று பாலகுமார் ஆரம்பித்தார்.

"அப்ரூவலா? நகருங்க சார்" என்றார் சாமிநாதன், வேர்த்துக்கொண்டே. "எந்த பில்டிங்னு எழுதாம விட்டுட்டான் அந்த மகராசன். காலையிலேருந்து பெங்களூர்ல நிக்கற ஒவ்வொரு லிஃப்டா தேடித் தேடி ஓட வெச்சுக்கிட்டு இருக்கோம். இது பதினெட்டாவது. காசெல்லாம் வேணாம். ஓடினதும் யாராவது ஒருத்தர் சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ மட்டும் கொடுங்க, போதும்."

பொழுது சாய்வதற்குள் லிஃப்ட் ஓடியது.

வனஜா அடுத்த நாளே வந்து சேர்ந்தாள். லிஃப்ட் வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். பாலகுமார் ஒரு வாளியை எடுத்துவரப் போக, லாயிட் வழியை மறித்து அதைப் பிடுங்கி வைத்தார். அதனால் தலைவர் பேசினார்.

"ஃப்ரெண்ட்ஸ், இன்னைக்கு நம்ம பணத்தைத் தொடாமலே லிஃப்ட் ஓடுது. அன்னைக்கு நான் சொன்னது இதுதான். சிலர் சந்தேகப்பட்டாங்க. ஒரு நல்ல டூல் சரியான நேரத்தில் எச்சரிக்கை கொடுத்ததால்தான் இது நடந்தது. மூணு டூலும் ஒரே நேரத்துல எச்சரிச்சதால, எது சிறந்ததுன்னு முடிவு பண்ண இன்னொரு துணைக்குழு அமைக்கறோம்."

போட்டோகிராபர் சிரிக்க ஒரு முகம் தேடி வனஜாவைப் பிடித்தார். வாக்கரோடு, திறந்த லிஃப்டுக்குள் நின்றபடி அவள் சிரித்தாள். மறுநாள் அலர்ட்அண்ணாவில் அந்தப் படம் பச்சைச் செய்தியாக வந்தது: 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி. மூத்த நிதி மேலாளரின் அதிருப்திக்குத் தக்க பதில்.' சுந்தரமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஜன்னல் ஓரத்தில் வனஜா டீ குடித்தாள். தட்டில் மூணு வகை பிஸ்கட். குச்சியாக நின்ற கறிவேப்பிலையைக் கிள்ளிப் பார்த்தாள். அடியில் எங்கேயோ கொஞ்சம் பச்சை இருந்தது.

"தண்ணி இனிமே நான் ஊத்தறேன்" என்றாள்.

எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். குழாய் இருமியது. காற்று வந்தது. நின்றுவிட்டது.

சுந்தரமூர்த்தியின் போனில் வாட்ஸ்அப் அடித்தது. பாலகுமார்: 'தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. பதற்றம் வேண்டாம். மோட்டார் கம்பெனியும் பங்குச் சந்தையில் இருக்கிறது. டூல்களில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளை கூட்டம். சமோசா உண்டு.'

அவர் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார். வனஜா காலி மக்கைக் குழாயடியில் வைத்தாள்.

"என் இலவசக் கணக்கு இன்னும் ஓடுதா?"

"நேத்தோட முடிஞ்சு போச்சு."

வனஜா வாக்கரை மெல்ல நகர்த்தி நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"ருக்மிணிக்கு ஒரு ஈமெயில் இருக்கு இல்ல?"